ஆட்டுக் கொட்டகைக் குழாய்

பதினேழு ஆடுகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? சிக்னியைக் கேட்டால் வாயால் பதில் சொல்லமாட்டாள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டுவாள். வாளிக் கம்பி அழுத்தி அழுத்தி இரண்டு கையிலும் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

காலையில் ஆறு வாளி, சாயங்காலம் ஆறு வாளி. சமையலறையில் பிடித்து, பின்வாசல் வழியாக, பனியில் நூற்றுப்பத்துக் காலடி நடந்து கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். மினசோட்டாவின் வடகோடியில், ஜனவரி மாதத்தில், அந்த நூற்றுப்பத்துக் காலடி நடப்பதற்குள் வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் படிந்துவிடும். வழியில் சிந்தியது உறைந்து மறுநாள் ஆளை வழுக்கிவிடும். போன குளிர்காலத்தில் சிக்னியின் அப்பா ஆர்னே ஒரே வாரத்தில் மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை அவர் எழுந்திருக்கவே இல்லை. பனியில் உட்கார்ந்தபடியே, "போதும்ப்பா," என்றார்.

அப்படித்தான் கொட்டகைக்குள்ளேயே குழாய் வைப்பது என்று முடிவானது. வைத்துக் கொடுத்தவர் ரூனா சித்தி.

ரூனா சித்தி அம்மாவின் தங்கை. பதினோரு வருடம் இன்னொருவரிடம் குழாய் வேலை பார்த்துவிட்டு, அந்தக் கோடையில்தான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். ஒரு பழைய வண்டி வாங்கி, அதன் கதவில் தன் பெயரைத் தானே பெயிண்டால் எழுதியிருந்தார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கொஞ்சம் ஒடுங்கி நிற்கும். அந்தப் பெயரில் அவர் செய்த முதல் வேலை இந்தக் குழாய்தான்.

செப்டம்பரில் இயந்திரத்தைக் கொண்டுவந்து பள்ளம் தோண்டினார்கள். சித்தி உள்ளே இறங்கி நின்றால் தொப்பிகூட வெளியே தெரியவில்லை. ஆறு வயதுத் தம்பி ஓலே எட்டிப் பார்த்துவிட்டு, யாரைப் புதைக்கப் போகிறோம் என்று கவலையோடு கேட்டான்.

"குளிரைத்தான்," என்றார் சித்தி. பிறகு அவனுக்குப் புரியும்படி சொன்னார். "இங்க குளிர் தரைக்குள்ள ஆறடி வரைக்கும் இறங்கும். நம்ம குழாய் ஏழடியில போகுது. தண்ணியை மூடுற வால்வும் மேல இல்ல, அடியிலதான் இருக்கு. கைப்பிடியை அழுத்தி மூடினா, நிக்கிற குழாய்ல மிச்சம் இருக்கிற தண்ணி அடியில ஒரு சின்ன ஓட்டை வழியா ஜல்லிக்குள்ள வடிஞ்சிரும். உள்ள தண்ணியே இல்லைன்னா உறையறதுக்கு என்ன இருக்கு?"

ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீர் பிடித்து முடித்ததும், குழாயின் வாயில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். ஹோஸ் மாட்டியே இருந்தால் மேலே இருந்து காற்று உள்ளே போகாது. காற்று போகாவிட்டால் தண்ணீர் கீழே வடியாது. ஒரு ராத்திரி போதும், இரும்புக் குழாய் பிளந்துவிடும்.

ஓலே இதை உடனே பிடித்துக்கொண்டான். அன்று சாப்பிடும்போது பால் டம்ளரில் உறிஞ்சுகுழலை விட்டு, மேல் நுனியை விரலால் மூடி, வெளியே எடுத்தான். பால் உள்ளேயே நின்றது. "இது ஹோஸ் மாட்டின குழாய்," என்றான். பிறகு சிக்னியின் தட்டுக்கு மேலே கொண்டுபோய் விரலை எடுத்தான். "இது கழட்டின குழாய்." பால் முழுவதும் சிக்னியின் உருளைக்கிழங்கில் கொட்டியது.

ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சிக்னியால் ஒருநாளும் சொல்ல முடியாது. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

* * *

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. பள்ளி விட்டு வந்ததும் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது சிக்னியின் வேலை. இப்போது அது வேலையே இல்லை. ஹோஸை மாட்டி, கைப்பிடியைத் தூக்கினால் தொட்டி நிறைந்துவிடும். அவள் அன்று அவசரத்தில் இருந்தாள். ஐஸ் ஹாக்கிப் பயிற்சி. அவளையும் தோழி பிரிட்டாவையும் அழைத்துப்போகப் பிரிட்டாவின் அப்பா எக்லண்ட் வாசலில் வண்டியோடு வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தார்.

தொட்டி நிறைந்தது. ஹோஸின் நுனியில் இருந்த பித்தளை மூக்கைத் திருகி மூடினாள். கைப்பிடியை அழுத்தினாள். ஹோஸைக் கழற்றப் போனாள். அது இறுகிக்கொண்டிருந்தது. கையுறையோடு பிடித்தால் வழுக்கியது. கையுறையைக் கழற்றினால் உலோகம் விரலைக் கடித்தது. மறுபடி ஹாரன்.

வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டாள்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள். சூடாக ஒரு கோப்பை சாக்லேட் பால் குடித்தாள். கணக்குப் பாடம் எழுதினாள். தூங்கிப்போனாள். ஹோஸ் ஞாபகமே வரவில்லை.

அன்று இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குள் முதலில் நுழைந்தவள் சிக்னிதான். நுழைந்ததுமே பார்த்துவிட்டாள். குழாயிலிருந்து ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவில்லை, விறைத்து நின்றுகொண்டிருந்தது. கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. முழங்கால் உயரத்தில் இரும்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. அதற்குள்ளிருந்து ஐஸ் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

மிஸஸ் ஓல்சன் வேலிக்கு மேலே தலையை நீட்டி அவளையே பார்த்தாள். மிஸஸ் ஓல்சன் ஒரு ஆடு. பள்ளி நூலகரின் பெயரை அதற்கு வைத்ததே, இருவரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து முறைப்பதால்தான்.

அடுத்த பத்து நிமிடத்தில் தான் செய்ததைப் பற்றிச் சிக்னி பிற்பாடு நிறைய யோசித்தாள். அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை. கைகள் தாமாகச் செய்தன. ஒரு கட்டையை எடுத்துத் தட்டித் தட்டி, ஹோஸைக் குழாயிலிருந்து திருகிக் கழற்றினாள். அது சுருளவில்லை. குழாயில் தொங்கிய அதே வளைவோடு, கம்பி போல இருந்தது. இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, குழாய் வரல," என்றாள்.

* * *

சித்தி மத்தியானமே வந்துவிட்டார். சிக்னி பள்ளியிலிருந்து திரும்பியபோது அவர் குழாயின் முன்னால் முழங்காலிட்டு, பிளவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் சித்திக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றியது.

"சிக்னி, நேத்துக் கடைசியாத் தண்ணி பிடிச்சது நீதானே?"

"ஆமா."

"ஹோஸைக் கழட்டியிருந்தியா?"

"கழட்டியிருந்தேன்."

அவ்வளவுதான். ஒரே சொல். சித்தி இன்னொரு கேள்வி கேட்டிருந்தால், எங்கே வைத்தாய் என்று கேட்டிருந்தால், சிக்னி அழுதிருப்பாள், உண்மை வந்திருக்கும். சித்தி கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார். அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்போ தப்பு அடியிலதான் அத்தான். ஜல்லி போதாம போட்டிருப்பேன். இல்லைன்னா அந்த ஓட்டை அடைச்சிருக்கும். எப்படிப் பாத்தாலும் என் தப்பு," என்றார்.

வசந்தம் வரட்டும், பனி இளகியதும் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை வாளி இருக்கிறதே என்றார் அப்பா. அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் சித்தியின் காது சிவந்துபோயிற்று.

"இல்ல அத்தான். என் பேர்ல செஞ்ச முதல் வேலை. தோண்டி என்னன்னு பாக்காம என்னால இருக்க முடியாது."

ஏழடி. குளிர்காலத்தில் ஆடுகள் உள்ளேயே அடைந்திருப்பதால் இந்த முறை இயந்திரம் கொட்டகைக்குள் வராது. கடப்பாரையும் மண்வாரியும்தான். மேலே இரண்டு அடிக்கு மண் கல்லாக உறைந்திருந்தது. அதை இளக்க, மின்சாரத்தில் சூடாகும் ஒரு பெரிய கம்பளத்தை யாரிடமோ இரவல் வாங்கிவந்து தரையில் விரித்தார் சித்தி. ஒரு நாள் முழுக்க அது அங்கேயே கிடக்க வேண்டும் என்றார். ஆடுகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வேலியின் அந்தப் பக்கத்தில் பதினேழும் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தன.

அன்று சாயங்காலத்திலிருந்து மறுபடியும் வாளி. ஆறு வாளியையும் தானே தூக்குவதாகச் சிக்னி சொன்னாள். யாரும் விடவில்லை. அம்மா இரண்டு, அப்பா இரண்டு, சிக்னி இரண்டு. ஓலே ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, பாதியைத் தன் காலணிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு வந்தான். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் தேவலை என்று சிக்னிக்குத் தோன்றியது.

* * *

சனிக்கிழமை ஹாக்கி ஆட்டம். மைதானத்தின் ஓரத்தில் கணப்பு வைத்த ஒரு மர அறை உண்டு. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து சறுக்குக் காலணியை மாட்டுவார்கள். பெரியவர்கள் நின்றுகொண்டு காபி குடிப்பார்கள். சிக்னி குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது எக்லண்டின் குரல் கேட்டது. அவர் ஒன்பது குதிரை வைத்திருப்பவர். வசந்தத்தில் தன் லாயத்துக்கும் இதே மாதிரி குழாய் வைக்கச் சித்தியிடம்தான் சொல்லியிருந்தார்.

"ரூனா வச்ச குழாய் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கலையாமே," என்றார் அவர். "நல்ல பொண்ணுதான். நான் இல்லைங்கல. ஆனா ஒன்பது குதிரைக்கு நான் வாளி தூக்க முடியுமா? யோசிச்சுச் சொல்றேன்னு காலையில போன்ல சொல்லிட்டேன்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர், இந்த வேலைக்கெல்லாம் அனுபவம் வேண்டும் என்றார். பதினோரு வருடம் சித்தி அந்த வேலைதான் பார்த்தார் என்று சிக்னிக்குத் தெரியும். சொல்லத் தெரியவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தாள். கால் வலித்த பிறகும் இறுக்கினாள்.

அன்று ஆட்டத்தில் அவள் இரண்டு தடவை சும்மாவே விழுந்தாள். என்ன ஆச்சு என்று பிரிட்டா கேட்டாள். வயிற்றுவலி என்றாள் சிக்னி.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஒரு குடுவையில் காபி ஊற்றி, சித்திக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். போகாமல் இருக்க என்ன காரணம் சொல்லலாம் என்று சிக்னி தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கொட்டகைக்குள் சித்தி தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தார். மார்புவரை பள்ளத்தில் நின்றிருந்தார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டிருந்தார். அவ்வளவு குளிரிலும் அவர் கழுத்து வியர்த்து, மேலே ஆவி பறந்தது. பக்கத்தில் மண் குன்று போலக் குவிந்திருந்தது. மிஸஸ் ஓல்சன் வேலிக்கு மேலே சித்தியின் கோட்டுக் காலரை மென்றுகொண்டிருந்தாள்.

"வா சிக்னி. நாலடி வந்துட்டேன். இன்னும் மூணு," என்றார் சித்தி. அவளைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "நேத்துலருந்து என்ன யோசிச்சாலும் பிடிபடல. ஜல்லியை நானேதான் அள்ளிப் போட்டேன். எண்ணிப் போட்டேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

காபியை வாங்குவதற்காகச் சித்தி கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை முழுவதும் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்திருந்தது. அதைச் சிக்னி பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டார். "ஒண்ணும் இல்ல. கடப்பாரை பிடிச்சு நாளாச்சு, அதான்."

சிக்னி எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். சித்தி காபியை மூடிவைத்துவிட்டு மறுபடி கடப்பாரையை எடுத்தார். ஓங்கிக் குத்தினார். ஒரு கைப்பிடி மண் பெயர்ந்தது.

சிக்னி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போனாள். இழுத்தாள். தரையில் உராய்ந்து கரகரவென்று சத்தம் கேட்டது. சித்தி திரும்பிப் பார்த்தபோது அவள் அந்த ஹோஸைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள்.

ஹோஸ் இன்னும் இளகவில்லை. குழாய் வாயிலிருந்து தரைக்கு இறங்கிய அதே வளைவோடு கிடந்தது. நுனியில் பித்தளை மூக்கு மூடியிருந்தது. குழாய் வேலை தெரிந்தவருக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சித்தி ஹோஸைப் பார்த்தார். பிளந்த குழாயைப் பார்த்தார். மறுபடி ஹோஸைப் பார்த்தார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். ஆடுகள் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலடி தோண்டிட்டேன் சிக்னி," என்றார் கடைசியில்.

"தெரியும்."

"முந்தாநாளே சொல்லியிருந்தா ஒரு பிடி மண்ணைக்கூடத் தொட்டிருக்க வேண்டாம். அடியில எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. நிக்கிற குழாயை மட்டும் திருகி எடுத்துட்டுப் புதுசு மாட்டியிருப்பேன். ரெண்டு மணி நேர வேலை."

சிக்னி அழவில்லை. அழுதால் சித்தி சமாதானம் சொல்ல வந்துவிடுவார் என்று பயந்தாள். அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் திட்டுவேன்னு பயந்தியா?"

"இல்ல சித்தி." சிக்னி யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். "முதல்ல பயம்தான். அப்புறம் நீங்க கேட்டீங்க, நான் சொன்னதும் அப்படியே நம்பிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க தோண்டத் தோண்ட இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

சித்தி முகத்தைப் புறங்கையால் துடைத்தார். நெற்றியில் மண் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு இப்போ கோவம் இருக்கு," என்றார். "போயிரும். ஆனா இப்போ இருக்கு. நீ கொஞ்ச நேரம் எங்கிட்டப் பேசாதே."

"சரி."

சிக்னி வெளியே போகவில்லை. மண்வாரியை எடுத்தாள். குவித்துவைத்த மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளத் தொடங்கினாள். சித்தி காபியைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குழாயை ஒட்டிப் போடாதே. அங்க நான் ரெஞ்சு வைக்கணும்," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவரும் எழுந்து வந்து இன்னொரு மண்வாரியை எடுத்தார். மத்தியானம்வரை இருவரும் பேசாமல் மண் தள்ளினார்கள்.

* * *

அப்பா அம்மாவிடம் சிக்னி தானே சொன்னாள். சாப்பாட்டு மேசையில், ஓலேயையும் வைத்துக்கொண்டே சொன்னாள். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா ஜன்னலைப் பார்த்தார். ஓலே வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குத்தான் அதிக அதிர்ச்சி. உறிஞ்சுகுழலை வைத்து அவ்வளவு தெளிவாகக் காட்டியும் அக்காவுக்குப் புரியவில்லையே என்று அம்மாவிடம் ரகசியமாக வருத்தப்பட்டான்.

திங்கட்கிழமை சித்தி புதுக் குழாயைப் பொருத்தினார். தண்ணீர் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிக்னி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

"ஹோஸைக் கழட்டிட்டியா?" என்றார் அம்மா.

"கழட்டிட்டேன்மா."

அம்மா சரி என்று தலையாட்டினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அந்த வெளிச்சம் கொட்டகை வரை போய்த் திரும்பிவருவதைச் சிக்னி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பிவந்தார். கோட்டை மாட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமையும் அப்படித்தான். வியாழக்கிழமையும்.

யாரும் அவளைத் திட்டவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தினமும் போய்வந்தது. சிக்னிக்கு அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. தன் வீட்டுக்குள்ளேயே வேறு யாரோ போல உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் வெட்கப்பட்டதோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு உண்மை தெரியும். ஊருக்குத் தெரியாது. எக்லண்ட் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் சொல்லட்டுமா என்று அவள் சித்தியைக் கேட்டபோது, என் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படிப்பைப் பார் என்று சித்தி சொல்லிவிட்டார். கோபம் குறைந்திருந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

* * *

அடுத்த சனிக்கிழமை அதே மர அறையில் அதே ஆட்கள் காபியோடு நின்றிருந்தார்கள். சிக்னி ஒரு காலில் சறுக்குக் காலணியை மாட்டியிருந்தாள். இன்னொரு காலணி கையில் இருந்தது. இரண்டையும் மாட்டி முடித்துவிட்டால் நேரே ஐஸுக்கு ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். அதனால் ஒற்றைக் காலோடு நொண்டி நொண்டி அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"எக்லண்ட் அங்கிள், எங்க கொட்டகைக் குழாய் உடைஞ்சது சித்தியால இல்ல," என்றாள். "நான் ஹோஸைக் கழட்டாம விட்டுட்டேன். உடைஞ்சதும் ஹோஸை ஒளிச்சு வச்சுட்டேன். சித்தி கேட்டப்ப கழட்டினேன்னு பொய் சொன்னேன். குழாய்ல ஒரு தப்பும் இல்ல."

கணப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பெஞ்சில் பிரிட்டா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிக்னிக்கு முகம், காது, கழுத்து எல்லாம் கொதித்தது.

எக்லண்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க சித்தி சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"பின்ன ஏன் சொல்றே?"

"போன வாரம் நீங்க இங்க பேசினப்ப நான் அந்த பெஞ்சுலதான் இருந்தேன். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

எக்லண்ட் காபிக் கோப்பையைக் கையில் சுற்றினார். ஒன்பது குதிரை வைத்திருக்கும் அந்தப் பெரிய மனிதருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "ஹோஸை மாட்டியே விட்டா எந்தக் குழாயா இருந்தாலும் உடையுமா?" என்று கேட்டார்.

"எதா இருந்தாலும் உடையும். யார் வச்சிருந்தாலும்." சிக்னி உறிஞ்சுகுழலையும் பாலையும் வைத்து அவருக்கு விளக்கினாள். ஓலே சொன்னதை அப்படியே சொன்னாள். பாதியில் தபால்காரர் ஹால்வர் தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு சொல்றது சரிதான். எங்க வீட்டுக் குழாயும் போன வருஷம் அப்படித்தான் போச்சு. நான்தான் ஹோஸை மறந்துட்டேன்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். "எலி கடிச்சிருச்சுன்னீங்களே."

ஹால்வர் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். "பெரிய எலி," என்றார் மெதுவாக.

அறையே சிரித்தது. சிக்னிக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சுக்குத் திரும்பிப்போய் இன்னொரு காலணியையும் மாட்டினாள். அன்றைக்கு அவள் அணி ஆறுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒன்று அவள் போட்டது.

* * *

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிக்னி கொட்டகையிலிருந்து வந்தபோது சித்தியின் வண்டி வாசலில் நின்றது. உள்ளே சித்தி மேசை முன்னால் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"எக்லண்ட் கூப்பிட்டார்," என்றார், அவளைப் பார்க்காமல். "வசந்தத்துல வேலையை ஆரம்பிக்கச் சொல்றார். ஒரு குழாய் இல்லையாம், ரெண்டாம்."

"நல்லது சித்தி."

"மர அறையில நடந்ததையும் சொன்னார். ஒத்தைக் கால்ல நின்னியாமே." சித்தி தடவிய ரொட்டியை ஒரு தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "நான் வேண்டாம்னு சொன்னதைக் கேக்காம செஞ்சிருக்கே. இந்த ஒரு தடவை விட்டுடறேன்." இப்போது நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தாள் சிக்னி, துளிகூட இல்லை.

அம்மா அடுப்பிலிருந்து காட்டரிசி சூப்பை இறக்கி வைத்தார். ஓலே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கரண்டியால் மேசையைத் தட்டினான். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்தது.

"ஹோஸைக் கழட்டிட்டியா?" என்றார் அம்மா.

"கழட்டிட்டேன்மா."

அம்மா வழக்கம்போல எழுந்து கதவருகே போனார். கோட்டைக் கையில் எடுத்தார். சிக்னி வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். டார்ச் எடுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினார். மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாப்பிடு. சூப் ஆறுது," என்றார்.

சிக்னி அன்று மூன்று கிண்ணம் குடித்தாள்.